ஒரு சுவர், இரண்டு தாள்கள்

1

கட்டடக்கலைக் கல்வியைப் பற்றி எழுத நான் யார் என்ற கேள்வியை முதலிலேயே முடித்துவிடலாம். நான் வங்கிக் குமாஸ்தா. பி.ஏ. ஆங்கில இலக்கியம் படித்தவன். வீட்டுக் கடன் பிரிவில் ஆறு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். வரைபடம், எஸ்டிமேட், மதிப்பீட்டாளர் அறிக்கை என்று மூன்றையும் சேர்த்துக் கட்டிய கோப்புகள் தினமும் என் மேஜையைக் கடந்து போகின்றன. கவிதை எழுதாதவன் கவிதையைப் பற்றிப் பேசக் கூடாது என்று முறுக்கிக்கொள்ளும் கவிஞர்களுக்கு நாம் என்ன பதில் சொல்லி வந்திருக்கிறோமோ அதுவேதான் இங்கேயும் என் பதில். கூரைக்குக் கீழே படுத்துறங்கும் எவனும் கட்டடத்தின் வாசகன்.

என் சித்தப்பா மகன் ஒரு கல்லூரியில் பி.ஆர்க். படிக்கிறான். ஐந்து வருஷம், பத்து செமஸ்டர். நாலாம் வருஷ டிசைன் தேர்வுக்கு முந்தைய மூன்று இரவுகள் என் அறையில்தான் கிடந்தான். கடைசி நாள் அவனோடு நானும் போனேன். ஜூரி என்கிறார்கள். சுவர் முழுக்க ஷீட்டுகள், கீழே அட்டை மாதிரி, எதிரே நாற்காலியில் மூன்று பேர். அவன் கொடுத்திருந்த திட்டம் சென்னையில் ஒரு பொது நூலகம். முதல் கேள்வி: ‘கான்செப்ட் என்ன?’ அவன் சொன்னான்: ‘திறந்த புத்தகம், சார்.’ மூவரும் தலையாட்டினார்கள்.

நூலகத்துக்குத் திறந்த புத்தகம்! இதை ஒருவன் கவிதையாக எழுதி அனுப்பியிருந்தால் இந்தப் பத்திரிகையின் ஆசிரியர் இரண்டாம் வரிக்குப் போயிருக்கமாட்டார். அங்கே அது நாலு மாத உழைப்புக்கு அஸ்திவாரம். அவன்மேல் மட்டும் பழிபோட முடியாது. பாரிஸில் 1996இல் வாசகர்களுக்குத் திறக்கப்பட்ட பிரெஞ்சு தேசிய நூலகத்தின் நாலு கோபுரங்களும் திறந்து நிறுத்திய புத்தகங்கள்தாம். டொமினிக் பெரோ அவற்றைக் கண்ணாடியால் எழுப்பினார். பிறகு வெயிலிலிருந்து புத்தகங்களைக் காப்பாற்ற அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் மரப்பலகைத் தடுப்புகளை நிறுத்த வேண்டிவந்தது. படிமம் புத்தகத்தைப் பற்றியது, தடுப்புதான் புத்தகத்துக்கானது. இந்த வித்தியாசத்தை உணராத படிமம் கவிதையிலும் சரி, கட்டடத்திலும் சரி, வெறும் பொம்மை.

பையனின் நூலகத்தில் வடக்கு முகம் மூன்று மாடி உயரத்துக்கு மொட்டைக் கண்ணாடி. சன்ஷேடு என்று ஒரு விரற்கடைகூட நீட்டவில்லை. ‘வடக்கு வெளிச்சம் மென்மையானது, நேர் வெயில் வராது’ என்றான். ஜூரியில் யாரும் மறுக்கவில்லை. லண்டனிலும் பாரிஸிலும் அது ஏறக்குறைய உண்மை. சென்னை 13 டிகிரி அட்சரேகையில் கிடக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் மத்தி வரைக்கும் உச்சிச் சூரியன் நம் தலைக்கு வடக்கேதான் நிற்கும். ஜூன் 21 அன்று பத்து டிகிரி வடக்கே. அந்த மாதங்களில் காலையும் மாலையும் வெயில் தாழ்வாக வடகிழக்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் வந்து வடக்குச் சுவரைச் சுடும். அதாவது, வெயில் மிகக் கடுமையாக இருக்கிற காலத்தில் அவனுடைய திறந்த புத்தகம் திறந்த அடுப்பு.

இது அவனுக்குத் தெரியாது என்று நினைத்தீர்களானால் ஏமாந்துபோவீர்கள். எனக்கு விஷயம் புரிய ஆரம்பித்த இடம் இதுதான். அன்றிரவு அவனுடைய பழைய நோட்டுகளைப் புரட்டினேன். இரண்டாம் வருஷத்துக் காலநிலைப் பாடத்தில் சென்னைக்கான சூரியப் பாதைப் படத்தை அவனே போட்டிருக்கிறான். கோடு பிசகாமல், மே, ஜூன், ஜூலை வளைவுகள் வடக்கே ஒதுங்கியிருக்க, அழகாகப் போட்டிருக்கிறான். கீழே சிவப்பு மையில் ‘குட்’.

‘ஏண்டா, நீயே போட்டிருக்கியே?’ என்று கேட்டேன்.

‘அது கிளைமட்டாலஜி பேப்பர், அண்ணா. அது முடிஞ்சுபோச்சு’ என்றான்.

2

முடிஞ்சுபோச்சு. இந்தக் கல்வியின் முழு விமர்சனமும் இந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

கட்டடக்கலைக் கல்லூரிகளைக் குறைசொல்பவர்கள் வழக்கமாக, இது இல்லை, அது சொல்லித்தரவில்லை என்று பட்டியல் போடுவார்கள். நான் பாடத்திட்டத்தை எடுத்துப் பார்த்தேன். எல்லாம் இருக்கிறது. செங்கல், சுண்ணாம்பு, மரம், கான்கிரீட், காலநிலை, கட்டமைப்பு, எஸ்டிமேட், வரலாறு, தண்ணீர், சாக்கடை. எல்லாம் தனித்தனித் தாள்கள். தனித்தனி ஆசிரியர், தனித்தனி மார்க். நடுவில் டிசைன் ஸ்டூடியோ என்று ஒரு கருவறை. அதற்குள் போகும்போது மற்றதையெல்லாம் செருப்பைப் போல வாசலில் விட்டுவிட்டுப் போகவேண்டும். டெக்னாலஜி வகுப்பில் சுவர் என்றால் அடுக்கு, சாந்து, ஈரம். ஸ்டூடியோவில் சுவர் என்றால் இரண்டு கோடு. ஒரே பையன், ஒரே கை, ஒரே வாரம். இரண்டு சுவர்களும் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை.

அந்த டெக்னாலஜி வகுப்பாவது ஒழுங்கா என்றால், அதுவும் மனப்பாடம். மக்கேயின் நாலு பாகங்கள், பாரியின் பாகங்கள் என்று தலைமுறை தலைமுறையாக டிரேசிங் எடுத்த இங்கிலாந்துக் கட்டுமானப் படங்கள். பையன் இங்கிலீஷ் பாண்டு, ஃபிளமிஷ் பாண்டு இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு போடுவான். அவன் போடும் செங்கல் தர நிர்ணயப்படி 190க்கு 90க்கு 90 மில்லிமீட்டர். அவன் வீட்டுக்கு எதிரே லாரியிலிருந்து இறங்கும் செங்கல் ஏறக்குறைய ஒன்பது அங்குலம். எதிரே இறங்குவதை அவன் ஒரு தடவைகூடக் கையில் எடுத்துப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று பரீட்சை கேட்கவில்லை.

என் புகார் புத்தகம் அந்நியமானது என்பதல்ல. அப்படிச் சொல்லிக் கைதட்டல் வாங்குவது சுலபம். லாரி பேக்கர் பர்மிங்ஹாமில் படித்து 1937இல் பட்டம் வாங்கிய ஆங்கிலேயர். 2007இல் திருவனந்தபுரத்தில் இறந்தார். அவர் கேரளத்தில் பரப்பிய எலிப்பொறிக் கட்டு இங்கிலாந்தில் இருந்த கட்டுதான். செங்கல்லைப் படுக்கவைக்காமல் பக்கவாட்டில் நிறுத்திக் கட்டி, உள்ளே வெற்றிடம் விடுவது. செங்கல் ஏறக்குறைய கால் பங்கு மிச்சம், உள்ளே இருக்கும் காற்று வெயிலைத் தடுக்கும். அந்நியச் சரக்கை அவர் நம் கொத்தனார்களின் கையில் கொடுத்து, நம் வெயிலிலும் மழையிலும் விலைவாசியிலும் சோதித்து, நம்முடையதாக ஆக்கினார். நமக்கு வராமல்போனது அந்தச் சோதனை. இப்போது ‘பேக்கர் ஸ்டைல்’ என்று ஒன்று கிளம்பியிருக்கிறது, கவனித்தீர்களா? கான்கிரீட் தூண் நிறுத்தி, சிமெண்ட் பிளாக்கில் சுவர் எழுப்பி, அதன்மேல் முக்கால் அங்குலச் செங்கல் வில்லையைப் பசைபோட்டு ஒட்டுகிறார்கள். சிக்கனத்தின் முகமூடியை அதிகச் செலவில் வாங்கி மாட்டிக்கொள்வது. உருவத்தைத் தனியே உரித்தெடுக்கக் கற்றுக்கொடுத்த கல்விக்கு இதைவிடப் பொருத்தமான விளைச்சல் வேறு என்ன?

3

இலக்கியப் பத்திரிகையில் செங்கல்லுக்கு என்ன வேலை என்று சிலர் முகம் சுளிப்பார்கள். உருவமா உள்ளடக்கமா என்று பத்திரிகை பத்திரிகையாகச் சண்டை போட்டவர்கள் நாம். இரண்டையும் பிரிக்க முடியாது என்று ஒப்புக்குச் சொல்லிவிட்டுப் பிரித்துக்கொண்டே இருந்தவர்களும் நாம்தான். ஒரு கல்லூரி இந்தப் பிரிவினையையே கால அட்டவணையாகப் போட்டு நடத்தினால் என்ன ஆகும் என்று பார்க்கக் கட்டடக்கலையைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

நவீனத்துவத்தின் கோயில் என்று நாம் கும்பிடும் பௌஹௌஸையே எடுத்துக்கொள்வோம். 1919இல் வைமரில் க்ரோபியஸ் அதைத் தொடங்கியபோது கலைஞனும் கைவினைஞனும் ஒன்றாக வேண்டும் என்பதுதான் பிரகடனம். நடைமுறையில் ஒவ்வொரு பட்டறைக்கும் இரண்டு ஆசான்கள். உருவத்துக்கு ஒருவர், தொழிலுக்கு ஒருவர். க்ளேயும் காண்டின்ஸ்கியும் உருவ ஆசான்கள். தறியையும் உளியையும் பிடித்தவர்களின் பெயர் நம்மில் யாருக்கும் ஞாபகமில்லை. ஆனால் அவர்கள் அதோடு நிற்கவில்லை. 1925இல் டெஸ்ஸாவுக்குப் போனபோது அந்தப் பட்டறைகளிலேயே வளர்ந்த ஆல்பர்ஸ், ப்ராயர் போன்றவர்களை ஆசான்களாக்கினார்கள். உருவமும் தொழிலும் ஒரே ஆளிடம் இருந்ததால் இரட்டை ஆசான் தேவைப்படவில்லை. ஆறு வருஷத்தில் அவர்கள் கடந்துவந்த கட்டத்தில் நாம் இன்னும் தங்கியிருக்கிறோம். அவர்களுக்காவது பட்டறை இருந்தது.

இங்கே 1957ஆம் வருஷத்தைப் பாருங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலைத் துறை ஆரம்பித்த வருஷம். அதே வருஷம்தான் மாமல்லபுரத்தில் சிற்பத்துக்கும் மரபுக் கட்டடக்கலைக்குமான அரசுப் பயிற்சிக்கூடமும் ஆரம்பித்தது. வைத்தியநாத ஸ்தபதியும் பிறகு அவர் மகன் கணபதி ஸ்தபதியும் தலைமை வகித்த இடம். கன்னியாகுமரிப் பாறைமேல் 2000 ஜனவரி முதல் தேதி திறக்கப்பட்ட 133 அடி வள்ளுவர் சிலை கணபதி ஸ்தபதியின் வேலை. 2004 சுனாமி வந்து போன பிறகும் நிற்கிறது. ஒரே அரசாங்கத்தின் கீழ், ஒரே வருஷத்தில், ஒரு பகல் பயண தூரத்தில் இரண்டு பள்ளிகள் கட்டடத்தைக் கற்பிக்கத் தொடங்கின. இரண்டையும் ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்று எவனுக்கும் தோன்றவில்லை. ‘கலாசாரம்’ ஒரு பக்கம், ‘தொழில்’ மறுபக்கம் என்று பாகப்பிரிவினை சுமுகமாக முடிந்தது.

உடனே பரம்பரைப் பெருமை பேசுபவர்கள் என்னைத் தங்கள் கட்சியில் சேர்த்துக்கொள்ள வேண்டாம். மயமதத்தைத் தூக்கிக்கொண்டு வாஸ்து பார்க்க வருபவர்களின் கோப்புகளையும் நான் பார்க்கிறேன். சமையலறை தென்கிழக்கே வரவேண்டும் என்பதற்காகக் கழிவறைக்கு ஜன்னலே இல்லாமல் போன வீடுகளுக்கு எங்கள் வங்கி கடன் கொடுத்திருக்கிறது. மரபுப் பள்ளியில் கை பழகுகிறது, இலக்கணத்தைக் கேள்வி கேட்கும் பழக்கம் குறைவு. நவீனப் பள்ளியில் கேள்வி கேட்கச் சொல்லித்தருகிறார்கள், கையால் பதில் சொல்லத் தெரியாது. இரண்டு ஊனங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு முழு ஆள் ஆகிவிடமாட்டான்.

4

இதெல்லாம் எனக்கு வெறும் தத்துவமாக இருந்திருந்தால் எழுதியிருக்கமாட்டேன்.

கும்பகோணத்தில் எங்கள் வீடு தாத்தா காலத்தது. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். மச்சுக்குத் தேக்குக் கட்டைகளைச் சுவருக்குச் சுவர் போட்டு, அவற்றின்மேல் சிறு செங்கற்களை நிமிர்த்திச் சாய்வாட்டில் பாவி, அதற்குமேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து நாள்கணக்கில் அடித்து, மேலே தட்டோடு பதித்த தளம். மெட்ராஸ் டெரஸ் என்று பாடப்புத்தகத்திலும் படம் இருக்கிறது. 2016இல் சுவரில் அங்கங்கே காரை உதிர ஆரம்பித்தது. ஊர்க் கொத்தனாரைக் கூப்பிட்டு ஒட்டுப்போடலாம் என்றார் அப்பா. நான்தான் பிடிவாதமாக ஓர் ஆர்க்கிடெக்டை அழைத்துவந்தேன். இளைஞர். நன்றாகப் பேசினார். பழைய வீட்டின் தூண்களையும் முற்றத்தையும் அவர் வரைந்துகொடுத்த படத்தை இப்போதும் வைத்திருக்கிறேன். அவ்வளவு அழகு. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் நான் அப்பாவிடம் வாதாடினேன்.

காரை முழுவதையும் கொத்திவிட்டு சிமெண்ட் பூச்சு பூசுங்கள், மேலே நல்ல பெயிண்ட் அடியுங்கள் என்றார் அவர். வேலைக்கு வந்த கொத்தனார் மாரைச் சொறிந்துகொண்டே அப்பாவிடம் சொன்னார்: ‘ஐயா, சுண்ணாம்புச் செவுத்துக்கு சிமெண்டு ஆகாதுங்க. செவுரு மூச்சு விடாது.’

நான் சிரித்தேன். சுவர் மூச்சு விடுமாம். பி.ஏ. படித்தவனுக்கு அது நாட்டுப்புறப் படிமமாகத்தான் தெரிந்தது.

அது படிமம் அல்ல, பௌதிகம். பழைய சுவருக்கு அடியில் ஈரம் தடுக்கும் அடுக்கு கிடையாது. தரையிலிருந்து ஈரம் ஏறிக்கொண்டே இருக்கும். சுண்ணாம்புப் பூச்சு நுண்துளைகள் உள்ளது. ஏறுகிற ஈரத்தை ஆவியாக வெளியே விட்டுவிடும். சிமெண்ட் பூச்சும் பெயிண்டும் அந்த வாசலை அடைத்துவிட்டன. ஈரம் உள்ளேயே நின்றது, மேலே ஏறியது. முதலில் உப்புப் பூத்தது. பிறகு பூச்சு பாளம் பாளமாக விட்டது. யார் கண்ணுக்கும் தெரியாமல், சுவருக்குள் செருகியிருந்த கட்டைகளின் முனைகள் இற்றுப்போய்க்கொண்டிருந்தன. 2021 ஐப்பசி மழையில் கூடத்து மூலையில் மச்சு இறங்கியது. அப்பா அப்போது திண்ணையில் இருந்தார். மிச்சத்தையும் இடித்துவிடச் சொன்னார்கள். இடித்தோம். இப்போது அங்கே ஒரு கான்கிரீட் பெட்டி நிற்கிறது. அதற்குக் கடன் விண்ணப்பத்தை நானே எழுதினேன். சித்திரை, வைகாசியில் அப்பா மாடிக்குப் போவதில்லை.

அந்த ஆர்க்கிடெக்டை நான் குற்றவாளி என்று சொல்லவில்லை. தம்பியின் நோட்டில் மூன்றாம் செமஸ்டர் கட்டுமானப் பொருள்கள் பாடத்தில் ‘சுண்ணாம்புச் சாந்தின் குணங்கள்’ என்று ஐந்து மார்க் கேள்வி ஒன்று இருக்கிறது. நாலாவது குணம்: நீராவியைப் புகவிடும். அந்த மனிதரும் இதை எழுதி மார்க் வாங்கித்தான் தேறியிருப்பார். அவருக்கும் அந்தப் பேப்பர் முடிந்துபோயிருக்கும். என்னையும் நான் விட்டுவிடவில்லை. படத்தின் அழகில் மயங்கி, தெரிந்தவன் சொன்ன சொல்லைக் கொச்சைத் தமிழில் இருந்ததால் காதில் போட்டுக்கொள்ளாதவன் நான். இலக்கியம் படித்தவன் சொல்லின் தோற்றத்தைப் பார்த்து அதன் உண்மையை எடைபோட்டேன். பையனின் ஜூரியைப் பரிகசிக்க எனக்கு இருக்கும் உரிமை அவ்வளவுதான்.

5

‘ஆர்க்கிடெக்ட் சிந்திப்பவன், கட்டுமானம் எஞ்சினியரின் வேலை’ என்று ஒரு பதில் எப்போதும் தயாராக இருக்கிறது. அப்படியானால் ஆர்க்கிடெக்டிடம் மிஞ்சுவது என்ன? 1972ஆம் வருஷத்து ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டம் பதிவு செய்யாதவர்கள் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்கிறது. அந்தச் சட்டம் தடுப்பது பெயரைத்தான், தொழிலை அல்ல என்று உச்சநீதிமன்றம் 2020இல் தெளிவாகவே சொல்லிவிட்டது. பெயர் மட்டும் பத்திரமாக இருக்கிறது. பெயருக்குள் என்ன இருக்கிறது என்பதைக் கல்லூரிதான் சொல்லவேண்டும். ‘கான்செப்ட்’ என்று அது சொல்லுமானால், நாளைக்கு அந்தச் சரக்கைக் கம்ப்யூட்டரே இலவசமாகக் கொடுக்கும். திறந்த புத்தகம் வேண்டுமா, விரிந்த தாமரை வேண்டுமா என்று கேட்டுவிட்டுக் கொடுக்கும்.

ஓர் அரையாண்டு அலுவலகப் பயிற்சிக்கு அனுப்புகிறோமே என்பார்கள். அங்கேயும் கம்ப்யூட்டர் முன்னால்தான் உட்காரவைக்கிறார்கள். சைட்டுக்குப் போனால் போட்டோ எடுத்துக்கொண்டு வருவதற்கு.

நான் கேட்பது பெரிய புரட்சி ஒன்றுமில்லை. முதல் வருஷத்தில் பையன்களும் பெண்களும் கையால் ஒரு சுவர் கட்டட்டும். ஆள் உயரம் போதும். ஒரு ஜன்னல், அதற்கு ஒரு சன்ஷேடு. கல்லூரி வளாகத்தில் கூரையில்லாமல் நிற்கட்டும். மார்க் ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்த பிறகு. டிசைன், டெக்னாலஜி இரண்டுக்கும் அந்தச் சுவருக்கு ஒரே மார்க். ஒன்றில் தேறி இன்னொன்றில் தோற்க வழியிருக்கக் கூடாது. இரண்டாவது, ஜூரியில் மூன்று நாற்காலி இருந்தால் அதில் ஒன்றில் ஒரு கொத்தனார் உட்காரவேண்டும். பொன்னாடை போர்த்தி அனுப்புவதற்கு அல்ல, மார்க் போடுவதற்கு. ‘கான்செப்ட் என்ன’ என்று மற்ற இருவரும் கேட்கட்டும். ‘இந்தத் தண்ணி எங்க போவும் தம்பி?’ என்று அவர் கேட்பார். இரண்டு கேள்விக்கும் ஒரே பதிலாக எது வருகிறதோ அதுதான் டிசைன்.

போன மாதம் தம்பியைக் கும்பகோணத்துக்கு அழைத்துப்போனேன். கொல்லையில் பழைய மதில் ஒரு இருபதடி இன்னும் நிற்கிறது. அதே கொத்தனார் வந்தார். சிமெண்ட் பூச்சைக் கொத்தி எடுத்து, சுண்ணாம்பை நீற்றி, சலித்து, மணல் சேர்த்து, மூன்று நாள் வேலை. பையன் கூடவே நின்றான். முதல் நாள் அவன் பூசியதை அவர் ஒன்றும் சொல்லாமல் வழித்துப்போட்டார். இரண்டாம் நாளும் பாதியை வழித்தார். மூன்றாம் நாள் விட்டுவிட்டார். சுண்ணாம்பு அரித்து அவன் விரல் இடுக்கெல்லாம் வெடித்திருந்தது.

ரயிலில் திரும்பும்போது கைகளைப் பார்த்துக்கொண்டே கேட்டான்: ‘இதுக்குக் கிரெடிட் எதாவது உண்டா, அண்ணா?’

கிடையாது என்றேன்.